ரத்த ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து அம்மாவுக்கு அல்சைமர் என்று முடிவு கட்டாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது குடும்பம். டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த மகள், உட்காரும் முன்பே போனை நீட்டினார். "டாக்டர், அம்மாவுக்கு பி-டாவ் 217 கூடுதலா இருக்கு. அல்சைமர்தானே?" பி-டாவ் 217 என்பது அல்சைமர் சந்தேகத்தில் ரத்தத்தில் அளக்கும் ஒரு புரதம். 71 வயது அம்மா பக்கத்திலேயே இருக்கிறார். வீட்டை யார் பெயருக்கு மாற்றுவது என்பது வரை பேசி முடித்துவிட்டார்களாம்.

அம்மாவிடம் கேட்டேன். "மாரியம்மன் கூழுக்கு ரெண்டு தடவை உப்புப் போட்டுட்டேன் டாக்டர்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தேன். சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின். கால் எரிச்சலுக்கு ராத்திரியில் அமிட்ரிப்டிலின். கிட்னி வேலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியிருக்கிறது. பி12 யாரும் பார்க்கவே இல்லை. மெட்ஃபார்மின் பி12-ஐக் குறைக்கும். அமிட்ரிப்டிலின் வயதானவர்களின் நினைவைக் குழப்பும். கிட்னி பழுதானால் மூளையில் அல்சைமர் இல்லாதபோதும் ரத்தத்தில் பி-டாவ் ஏறும். சர்க்கரையும் பிரஷரும் இத்தனை வீடுகளில் இருக்கிற நம் ஊரில் இதை மறந்துவிட்டு ரிப்போர்ட் படிக்கவே கூடாது.

பலருக்கு எத்தனை தடவை சொன்னாலும் புரியாத இடம் ஒன்று உண்டு. பி-டாவ் 217 நல்ல பரிசோதனைதான். அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருக்கிறதா என்பதை, அந்தப் படிவைப் படம்பிடிக்கும் பெட் ஸ்கேனுக்கு நெருக்கமாகக் காட்டுகிறது. ஆனால் அது சொல்வது அவ்வளவுதான். இன்றைய மறதி அந்த அமிலாய்டால்தான் வந்தது என்று அது சொல்லவில்லை. எழுபது தாண்டியும் தெளிவாகக் கணக்குப் பார்க்கிற பலரின் மூளையிலும் அமிலாய்டு இருக்கும். அது இருக்கும்போதே பி12 குறைந்தோ தைராய்டு கெட்டோ மறதி வரலாம். ரிப்போர்ட்டில் அமிலாய்டு என்று வந்ததும் மற்றதைத் தேடாமல் விட்டால், சரிசெய்யக்கூடியது கைநழுவிப் போகும்.

மற்ற வகை டிமென்ஷியாக்களுக்கு, அதாவது மறதி நோய்களுக்கு, ரத்தம் இன்னும் குறைவாகத்தான் பேசும். நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் முன்மூளை தேயும் வகையில் நன்றாக ஏறும். சரி, ஆனால் அது ஸ்ட்ரோக்கிலும் ஏறும், சர்க்கரையால் கால் நரம்பு கெட்டாலும் ஏறும். மூளை செல்களில் வேறொரு புரதம் கட்டியாகச் சேரும் லூயி பாடி வகைக்கு அன்றாட சிகிச்சையில் நம்பிப் பயன்படுத்தும்படி ரத்தப் பரிசோதனை இன்னும் இல்லை. ரத்தக்குழாய் அடைப்பால் வருவதை ஸ்கேனிலும் பிரஷர் வரலாற்றிலும்தான் பிடிக்கிறோம்.

2025 மே மாதம் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ அனுமதித்த, பி-டாவ் 217 அளக்கும் லூமிபல்ஸ் பரிசோதனைகூட குறிப்பிட்ட வயதைத் தாண்டிய, அறிகுறி உள்ளவர்களுக்கு, நிபுணர் கையில்தான். "எனக்கும் எடுத்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்கும் நாற்பது வயது மகன்களே, வேண்டாம். உங்கள் பிரஷரைப் பாருங்கள்.

முதலில் பி12, தைராய்டு, சர்க்கரை, கிட்னி, எச்.ஐ.வி, சிஃபிலிஸ். கடைசி இரண்டைச் சொன்னதும் முகம் சுளிக்காதீர்கள், எல்லோருக்கும்தான் கேட்கிறேன். மனச்சோர்வு இருக்கிறதா, காது கேட்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்புறம் மூளை ஸ்கேன். பி-டாவ் அதற்குப் பிறகு.

அந்த அம்மாவுக்கு பி12 ஊசி ஆரம்பித்து, அமிட்ரிப்டிலினைப் படிப்படியாகக் குறைக்கிறேன். மூன்று மாதம் கழித்துத்தான் எதுவும் சொல்வேன். நீங்களாக எந்த மாத்திரையையும் திடீரென நிறுத்திவிடாதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த தூக்க மாத்திரை உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். தயவுசெய்து, வீட்டுப் பத்திரப் பேச்சை அம்மா காதுபடப் பேசாதீர்கள். அவருக்கு எல்லாம் புரிகிறது.