இரண்டு ஒய் உள்ள மீன்

ஜிலேபிக் கெண்டை விட்ட குளத்தில் ஆறு மாதம் கழித்து வலை வீசினால் வலை நன்றாகவே கனக்கும். கரையில் கொட்டிப் பார்த்தால்தான் தெரியும், பெரும்பாலும் பொடி மீன். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலேப்பியாதான் நம் ஊரில் ஜிலேபி ஆனது. இரண்டு மூன்று மாத வயதிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். முட்டைகளைத் தாய் வாயிலேயே வைத்து அடைகாக்கும். அந்த நாட்களில் இரை எடுக்காது. சதையாக வேண்டிய தீவனம் முட்டையாகப் போகிறது. பிறந்த குஞ்சுகளும் அதே தீவனத்துக்கு வந்து நிற்கின்றன. ஆண் மீனோ வேகமாக வளர்கிறது. சரி, குளம் முழுக்க ஆணாகவே இருந்தால்?

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் டி. ஜே. பாண்டியன் பல ஆண்டுகள் உழைத்த கேள்விகளில் இதுவும் ஒன்று. தின்ற இரையில் எவ்வளவு உடம்பில் சேர்கிறது, எவ்வளவு மூச்சிலும் கழிவிலும் போகிறது என்று நீர்வாழ் உயிர்களில் கணக்குப் பார்த்ததுதான் அவருடைய முந்தைய ஆய்வு. 1984-ல் அறிவியலுக்கான பட்நாகர் விருதும் பெற்றுவிட்டார். அந்தப் பெயரோடு அதே துறையில் இருந்திருக்கலாம். ஆனால் மீனின் பாலினம் எப்படி அமைகிறது என்ற மரபியல் கேள்விக்குள் இறங்கினார். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகவே படுகிறது: இரை சதையாகுமா, முட்டையாகுமா?

இந்தத் திலேப்பியாவில் பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் பெண்ணுக்கு எக்ஸ்-எக்ஸ், ஆணுக்கு எக்ஸ்-ஒய், நம்மைப் போலவே. ஆனால் குஞ்சுப் பருவத்தில் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்தால், குரோமோசோம் என்னவாக இருந்தாலும், உடம்பு ஹார்மோன் சொன்னபடி வளரும். ஆண் ஹார்மோன் கொடுத்து எல்லாக் குஞ்சையும் ஆணாக்குவது பண்ணைகளில் வழக்கம்தான். ஆனால் ஒவ்வொரு ஈட்டுக்கும் கொடுக்க வேண்டும், கொடுப்பதும் நாம் சாப்பிடப்போகும் மீனுக்கே.

1989-ல் வரதராஜும் பாண்டியனும் வெளியிட்ட வழி வேறு. முதலில் எக்ஸ்-ஒய் குஞ்சுக்குப் பெண் ஹார்மோன் கொடுத்துப் பெண்ணாக வளர்த்தார்கள். உடம்பு பெண், குரோமோசோம் ஆண். அப்படிப்பட்ட தாயின் முட்டைகள் சிலவற்றில் எக்ஸ் இருக்கும், சிலவற்றில் ஒய் இருக்கும். அப்புறம், மரபுப் பொருளைப் புற ஊதாக் கதிரால் சிதைத்துவிட்ட விந்தணுவை அந்த முட்டையோடு சேர்த்தார்கள். அது முட்டையைத் தட்டி எழுப்பும், தன் பங்காக எதையும் தராது. ஒற்றைத் தொகுதி குரோமோசோமோடு கரு பிழைக்காது. அதனால் சரியான நிமிடத்தில் ஓர் அதிர்ச்சி கொடுத்து, முட்டையின் குரோமோசோம்கள் இரட்டையாக நிலைக்கும்படி செய்தார்கள். எக்ஸ் இரட்டித்தது பெண். ஒய் இரட்டித்தது ஒய்-ஒய் உள்ள ‘மீ ஆண்’.

இந்த மீ ஆணைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தால், தாயிடமிருந்து எக்ஸ், தந்தையிடமிருந்து ஒய். பிறப்பதெல்லாம் ஆண். ஹார்மோன் தின்றது பாட்டி மட்டுமே, தட்டுக்கு வரும் பேரனின் உடம்பில் அது பட்டதே இல்லை. (வெப்பநிலையும் வேறு மரபணுக்களும் குறுக்கிடுவதால் திலேப்பியாவில் அபூர்வமாகப் பெண்ணும் தலைகாட்டும்.)

இதையே திருப்பிப் போட்டால் இன்னும் வியப்பான ஒன்று நடக்கும். விந்தணுவை விட்டுவிட்டு, முட்டையின் மரபுப் பொருளைக் கதிரால் அழித்தால்? மீன் முட்டையை உறைய வைத்துக் காப்பது மிகக் கடினம். உருவில் பெரியது, மஞ்சள் கருவும் நீரும் நிறைந்தது, உறையும்போது உண்டாகும் பனிப் படிகங்கள் கிழித்துவிடும். விந்தணுவோ துளியூண்டு. இனம் அழியும் நிலையில் இருக்கும் மீனின் முட்டை கிடைக்காவிட்டாலும், விந்தணு இருந்தால் போதுமா?

2004-ல் கிரண்குமாரும் பாண்டியனும் இதை ரோசி பார்ப் மீனில் செய்து காட்டினார்கள். மைனஸ் 20 டிகிரியில் வைத்திருந்த, செத்துப்போன ரோசி பார்ப் மீனிலிருந்து விந்தணுவை எடுத்தார்கள். முட்டை இரவல் தந்தது வேறோர் இனம், கறுப்புக் கோடு போட்ட டைகர் பார்ப். இரண்டுமே அலங்கார மீன் கடைத் தொட்டிகளில் நாம் சாதாரணமாகப் பார்ப்பவை. கதிரால் வெறுமையாக்கிய டைகர் பார்ப் முட்டைக்குள் ரோசி பார்ப் விந்தணு போய், குரோமோசோம்களும் இரட்டையாகி, ரோசி பார்ப் பிறந்தது.

இறந்த மீன் ஆணாக இருந்ததில் ஒரு வசதி உண்டு. அதன் விந்தணுக்களில் பாதி எக்ஸ், பாதி ஒய். இரட்டித்தால் எக்ஸ்-எக்ஸ் பெண்ணும் வரும், ஒய்-ஒய் ஆணும் வரும். அவை இரண்டும் கூடினால் எல்லாம் எக்ஸ்-ஒய் ஆண்கள். அந்த ஆண்கள் மறுபடி எக்ஸ்-எக்ஸ் பெண்களோடு சேர்ந்தால் வழக்கமான ஆணும் பெண்ணும். ஒரே ஒரு செத்த ஆணிலிருந்து ஒரு குடும்பமே திரும்பிவிடும். அந்தக் குடும்பத்தின் செல்களில், ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியா மட்டும், முட்டை தந்த டைகர் பார்ப்புடையதாக இருக்கும்.