இசைவு: ‘பர்மிஷன்’ பெட்டிக்கு ஒரு தமிழ்ச் சொல்

‘பர்மிஷன்’ லத்தீன் வழி வந்தது. ‘பெர்’ என்றால் ஊடாக, ‘மிட்டெரே’ என்றால் அனுப்பு. ஊடே போகவிடுதல் என்பது மூலப்பொருள். கணினித் தமிழில் பரவலாக வழங்கும் ‘அனுமதி’ வடசொல். தமிழில் ‘இசைவு’ உண்டு. இசைதல் என்றால் உடன்படுதல். செட்டிநாட்டுக்கு இது புதிதல்ல. நகரத்தார் திருமணத்தில் இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் உடன்படிக்கை இசைகுடிமானம்தான். இசைவு என்றதும் ‘யாருக்கு, எதற்கு?’ என்ற கேள்வி கூடவே எழுகிறது. கணினியிலும் போனிலும் இசைவு கேட்டுத் திரையில் எழும் பெட்டியிடமும் அதைத்தான் கேட்க வேண்டும்.

காரைக்குடிப் பலகாரக் கடையில் பில் பிரிண்டரை இயக்கும் மென்பொருளான ‘டிரைவரை’க் கணினியில் போடுகிறீர்கள். திரை மங்கி, ‘யெஸ்’, ‘நோ’ கேட்கும் பெட்டி வருகிறது. 2007இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா முதல் இருக்கும் ஏற்பாடு இது. வேறெந்த மென்பொருளும் உங்களுக்குப் பதில் ‘யெஸ்’ அமுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே திரை மங்குகிறது. ‘பப்ளிஷர்’ வரியில் பிரிண்டர் கம்பெனியின் பெயர் இருக்கிறதா பாருங்கள். மஞ்சள் பட்டையும் ‘அன்னோன்’ (தெரியாதது) என்ற சொல்லும் வந்தால் வெளியிட்டவர் யாரென்று சரிபார்க்க முடியவில்லை என்று பொருள். நீலம் வந்தால் பெயர் சரி, அவ்வளவே. மென்பொருள் நல்லது என்பதற்கு அது சான்றல்ல. நீங்கள் எதையும் தொடங்காதபோது இந்தப் பெட்டி வந்தால் ‘நோ’தான். சில பட்டன்களிலேயே ஒட்டியிருக்கும் சின்னக் கேடயம் எச்சரிக்கை இல்லை. அமுக்கினால் அட்மின், அதாவது கணினி நிர்வாகியின் இசைவு தேவைப்படும் என்ற முன்னறிவிப்பு.

போனில் ஆண்ட்ராய்டு 6 வரும்வரை எல்லா இசைவையும் ஆப் நிறுவும்போதே மொத்தமாகக் கேட்டார்கள். 2015க்குப் பிறகு தேவைப்படும் நேரத்தில் ஒவ்வொன்றாக. ஆண்ட்ராய்டு 11 முதல் ‘இந்த முறை மட்டும்’ உண்டு. லொகேஷனுக்கு அது போதும். அதே பதிப்பு முதல், ஒரே இசைவை இருமுறை மறுத்தால் ஆப் மறுபடி கேட்காது. ‘கேமரா வேலை செய்யலை’ என்று ரிப்பேர் கடைக்கு வரும் போன்களில் இப்படியும் இருக்கும்; செட்டிங்ஸ், ஆப்ஸ், பர்மிஷன்ஸ் போய் மாற்றினால் சரியாகிவிடும். ஆண்ட்ராய்டு 12 முதல் மேல்மூலையில் பச்சை அடையாளம் தெரிந்தால் கேமராவோ மைக்கோ ஓடுகிறது.

வாட்ஸ்ஆப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் கோப்பின் பெயர் ‘.ஏபிகே’ என முடிந்தால் அது பத்திரிகை இல்லை, ஆப். திறந்ததும் ‘அன்னோன் ஆப்ஸ்’ நிறுவ இசைவு கேட்கும். அடுத்து எஸ்எம்எஸ் படிக்க. இரண்டும் கொடுத்தால் வங்கி ஓடிபி மோசடிக்காரன் கையில். கொடுத்தாகிவிட்டதென்றால் உடனே ஏரோபிளேன் மோட் போட்டு, வைஃபையும் அணைந்ததா பார்த்து, அந்த ஆப்பை நீக்குங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்கும், பணம் போயிருந்தால் 1930க்கும் அழையுங்கள்.