ஒற்றைச் சக்கர சைக்கிள் ரெண்டு நாளில் வராது

முழுப்பரீட்சை லீவு விட்டால் போதும், எங்கள் பிசியோதெரபி அறையில் மணிக்கட்டு கேஸ்கள் வரிசை கட்டும். மரத்திலிருந்து விழுந்தவன், வாய்க்கால் படியில் வழுக்கியவன் என்று வருஷா வருஷம் பார்க்கிற கூட்டம்தான். இப்போது அதில் ஒற்றைச் சக்கர சைக்கிளும் சேர்ந்துவிட்டது. போனில் வீடியோ பார்க்கிறார்கள், ஆன்லைனில் ஆர்டர் போடுகிறார்கள், பெட்டியைப் பிரித்த அன்றைக்கே பிள்ளையை ஏற்றி விட்டுவிடுகிறார்கள். போன வாரம் மாவுக்கட்டு பிரித்த கையோடு ஒரு பையன் வந்தான். ஐந்தாம் வகுப்பு. விரலை மடக்கு என்றால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. பக்கத்தில் நின்ற அப்பாவுக்கு வேறு கவலை.

"ரெண்டு நாள்ல ஓட்டிரலாம்னு வீடியோல சொன்னானுவ சார். இவன் நாலு நாளா ஏறியும் வரல. இவனுக்கு பேலன்ஸே கிடையாதோ?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். இதே கேள்வியை எத்தனையோ பெற்றோர் இதே மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டுவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, உங்கள் பிள்ளைக்கு பேலன்ஸ் இருக்கிறது. உங்கள் கணக்குத்தான் தப்பு. ஒற்றைச் சக்கரத்தை நாள் கணக்கில் அளக்கக் கூடாது, மணிக் கணக்கில் அளக்க வேண்டும். பிடிமானம் இல்லாமல் கொஞ்ச தூரம் நேராக ஓட்டுகிற அளவுக்கு வர, பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 15 மணி நேரப் பயிற்சி பிடிக்கும். சிலருக்கு ஐந்தாறு மணியிலேயே வந்துவிடும். சிலருக்கு 20 மணியைத் தாண்டும். ரெண்டுமே சகஜம். எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். நாற்பது வயதுக்காரருக்கு மெதுவாக வரும், ஆனால் வரும்.

ரெண்டு நாளில் ஓட்டினேன் என்று வீடியோவில் சொல்கிறவர், அந்த ரெண்டு நாளும் எத்தனை மணி நேரம் ஏறினார் என்று சொல்வதில்லை. விழுந்ததையெல்லாம் வெட்டிவிட்டு ஓட்டியதை மட்டும் காட்டுகிறார். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் பிள்ளையைக் காலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம் வெயிலில் நிறுத்துகிறீர்கள். உடம்பு அப்படிக் கற்றுக்கொள்ளாது. ஒரு நாளைக்கு அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி. பிறகு இறங்கிவிட வேண்டும். அன்று பழகியதை மூளை ராத்திரித் தூக்கத்தில்தான் பதியவைக்கிறது. நேற்று வராதது இன்று காலையில் தானாக வருகிறதே என்று பிள்ளைகளே ஆச்சரியப்படுவார்கள். தினம் அரை மணி என்று போட்டால் 10 மணி நேரம் சேர மூன்று வாரம் ஆகும். 15 மணி சேர ஒரு மாசம். ஆக, கணக்கு ஒரு மாசம். ரெண்டு நாள் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் நாலைந்து மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிற முன்னேற்றம் எதுவும் இருக்காது. சுவரை விட்டால் அரைச் சுற்று, ஒரு சுற்று, தொப்பென்று இறக்கம். அவ்வளவுதான். உள்ளுக்குள் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு நாள் திடீரென்று ஐந்து சுற்று போவான், அடுத்த நாள் பத்து. அந்த வறண்ட நாட்களில்தான் பெற்றோருக்குப் பொறுமை போகிறது. "அடுத்த வீட்டுப் பய ஓட்டுதான், நீ என்னல இன்னும் சுவத்தப் பிடிச்சிட்டு நிக்க?" என்று ஒரு சொல். பிள்ளை களைத்துப்போன காலோடு மறுபடி ஏறுகிறான். எப்போது விழுந்தாய் என்று நான் கேட்டால், "கடைசியா ஒரே ஒரு தடவைனு ஏறினேன்" என்பதுதான் அடிக்கடி கேட்கிற பதில்.

சாதாரண சைக்கிள் ஓட்டத் தெரிந்தவனுக்கு இது சுலபம் என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். நம் காலத்தில் வாடகை சைக்கிள் எடுத்து அரைப் பெடலில் பழகினோமே, அந்தப் பழக்கம் இங்கே பெரிதாக உதவாது. அது இடம் வலம் மட்டும்தான் சாயும். இது முன்னும் பின்னும் சேர்த்துச் சாயும். செயின் கிடையாது, பிரேக் கிடையாது, பெடல் சக்கரத்தோடு நேராகப் பூட்டியிருக்கிறது. காலை நிறுத்தினால் சக்கரமும் நிற்கும், மேலே இருக்கிற ஆள் மட்டும் போய்க்கொண்டே இருப்பார்.

வாங்கும்போது 20 அங்குலச் சக்கரம் பாருங்கள். சின்னப் பிள்ளை என்றால் 16. பெரியவனானாலும் உதவும் என்று 24 வாங்கி வைக்காதீர்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் கிட்டத்தட்ட நேராக நீள வேண்டும், அதுதான் சீட்டின் உயரம். நம் ஆட்கள் பயத்தில் சீட்டைத் தாழ்த்தி வைக்கிறார்கள். தாழ்ந்த சீட்டில் பிள்ளை பாரத்தை முழுக்கப் பெடலில் போட்டு நிற்கிறான், தொடை பத்து நிமிஷத்தில் சோர்ந்துவிடுகிறது. பாரம் சீட்டில் இருக்க வேண்டும், பார்வை தூரத்தில் இருக்க வேண்டும்.

பெட்டியில் வந்ததை வீட்டிலேயே பூட்டுகிறவர்கள் ஒன்றைத் தயவுசெய்து கவனியுங்கள். பெடலிலும், பெடலைச் சக்கரத்தோடு இணைக்கிற கிராங்கிலும் எல், ஆர் என்று ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். இடது பெடலுக்கு எதிர் மரை, இடப்பக்கமாகத் திருகினால்தான் ஏறும். இடம் வலம் மாற்றிப் போட்டு ஸ்பானரால் பலமாகத் திருகினால் மரை போய்விடும். சீட்டை முன்பின் மாற்றி மாட்டினாலும் வம்புதான். அப்போது சக்கரம் பின்பக்கமாக ஓடுகிற கணக்கு, பெடல் ஓட ஓடத் தானாகவே கழன்று வரும். ஓடுகிற வண்டியில் பெடல் கழன்று விழுந்து ஒரு கல்லூரிப் பெண்ணின் கால் மூட்டு பிசகியதைப் பார்த்திருக்கிறேன். ரெண்டு நிமிஷம் எழுத்தைப் பார்த்திருந்தால் போதும்.

மொட்டை மாடியில் பழகவே கூடாது. இதைக் கோபமாகவே சொல்கிறேன். தளம் வழவழப்பாக இருக்கிறது, வண்டி வராது என்று ஏற்றுகிறார்கள். நின்றால் பிள்ளையின் நெஞ்சு வரை வருகிற கைப்பிடிச் சுவர், இதில் ஏறி உட்கார்ந்தால் எதுவரை வரும் என்று அளந்து பார்த்தீர்களா? சிமெண்டுத் தரையும் கூடவே ஒரு காம்பவுண்டுச் சுவரும் இருக்கிற பள்ளிக்கூட வளாகம் நல்லது. முள்கம்பி, கேட்டுக் கம்பி பக்கம் வேண்டாம். மண் தரை மைதானம் பழகிய பிறகு போதும். எங்கள் நெல்லை மாவட்டத்தில் பணகுடி, வள்ளியூர் பக்கத்துப் பிள்ளைகள் ஆனி ஆடிக் காற்றில் வெட்டவெளியில் ஏற வேண்டாம், பழகியவனையே அது தள்ளிவிடும்.

ஹெல்மெட் போடுங்கள். ஸ்கேட்டிங்குக்கு விற்கிற மணிக்கட்டுக் காப்பு வாங்குங்கள். பெடல் திரும்பி முன்னங்கால் எலும்பில் அடிக்கும், அதற்குக் கால்பந்துக்காரர்கள் கட்டுகிற பேட் போதும். ஷூ லேஸை உள்ளே செருகிவிடுங்கள். செருப்போடு ஏறுகிற பிள்ளையை இறக்கிவிடுங்கள்.

முதலில் ஓட்டப் பழக்காதீர்கள், இறங்கப் பழக்குங்கள். ஒரு காலைப் பின்னால் ஊன்றி, சீட்டின் முன்பக்கத்தைக் கையில் பிடித்தபடி சைக்கிளை முன்னால் விட்டு இறங்க வேண்டும். இதை அலுத்துப்போகும்வரை செய்த பிள்ளை, நிலை தவறினாலும் பெரும்பாலும் காலில்தான் வந்து நிற்பான். சைக்கிள் கீழே விழட்டும். விழுவதற்கென்றே சீட்டின் இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் வைத்திருக்கிறான். "அவ்வளவு ரூவா கொடுத்து வாங்கியிருக்கேன், கீறிராத" என்று நீங்கள் அதட்டுவதால், விழும்போது சைக்கிளைக் காப்பாற்றப் போய்ப் பிள்ளை கையை உடைத்துக்கொள்கிறான்.

விழுந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எனக்கு அதிக வருத்தம். கை ஊன்றி விழுந்து, வீக்கமும் வலியும் மறுநாளும் இருந்தால் அதைச் சுளுக்கு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். எண்ணெய் போட்டு நீவாதீர்கள். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டாதீர்கள். கட்டுக்குக் கீழே விரல் வீங்கி, நீலம் பாய்ந்து, மரத்துப்போனால், அல்லது விரலை நிமிர்த்தும்போது வலி உயிர் போனால், கட்டை அவிழ்த்துவிட்டு அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். விடியட்டும் என்று காத்திருந்தால் கையே போகலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரி ராத்திரியும் திறந்துதான் இருக்கிறது.

கட்டை விரலை மேலே தூக்குங்கள். அதன் அடியில், மணிக்கட்டு ஓரமாக, சின்னக் குழி ஒன்று விழும். விழுந்தவருக்கு அந்தக் குழியில் அழுத்தினால் வலிக்கிறதா? வலித்தால் ஸ்கேஃபாய்டு என்ற குட்டி எலும்பு உடைந்திருக்கலாம். வாலிபர்களுக்கு இது அதிகம். முதல் எக்ஸ்ரேயில் சில சமயம் தெரியாமலே போகும். "எக்ஸ்ரேல ஒண்ணுமில்லன்னுட்டாங்க" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. 10 முதல் 14 நாளில் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். ரத்த ஓட்டம் குறைவான எலும்பு அது. கவனிக்காமல் விட்டால் கூடாமலே நின்றுவிடும், நாலைந்து வருஷம் கழித்து வாளி தூக்க முடியவில்லை என்று வருவார்கள்.

பிள்ளைகளின் மணிக்கட்டு முறிவு பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரத்தில் கூடிவிடும். கட்டுப் பிரித்ததும் நேராக சைக்கிளுக்கு அனுப்பாதீர்கள். முதலில் விரல் முழுக்க மடங்க வேண்டும், உள்ளங்கையைச் சுவரில் ஊன்றித் தள்ளினால் வலிக்கக் கூடாது, அடிபட்ட கையின் பிடி மற்றக் கைக்குச் சமமாக வர வேண்டும். அதன் பிறகு எலும்பு டாக்டர் சரி என்றால் ஏறட்டும். ஏற்கெனவே பழகிய மணி நேரம் வீணாகாது. ரெண்டு மூன்று நாள் தடுமாறிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வான்.