ஃபிரிஸ்பீ என்னும் சுழல்வட்டு

வீசிப் பிடித்து விளையாடும் பிளாஸ்டிக் வட்டுதான் ஃபிரிஸ்பீ. அது முதலில் ஒரு குடும்பப் பெயர். அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில், பிரிட்ஜ்போர்ட் நகரில், வில்லியம் ரஸ்ஸல் ஃபிரிஸ்பி 1871-இல் ஒரு பேக்கரி தொடங்கினார். அங்கே விற்ற ‘பை’ என்ற பண்டம் தகரத் தட்டோடு வரும். தின்று முடித்த தட்டை யேல் பல்கலைக்கழக மாணவர்கள் வீசி விளையாடினார்களாம். எதிரே வருபவர் விலகிக்கொள்ள ‘ஃபிரிஸ்பி’ என்று கத்துவார்களாம்.

பிளாஸ்டிக் வட்டு வேறொருவர் செய்தது. கலிபோர்னியாக்காரர் ஃபிரெட் மாரிசன் கேக் தட்டில் தொடங்கி, 1955-இல் ‘புளூட்டோ பிளாட்டர்’ என்ற வடிவத்துக்கு வந்தார். 1957-இல் அதன் உரிமையை வாங்கிய வாம்-ஓ நிறுவனம், பேக்கரிப் பெயரின் எழுத்தைக் கொஞ்சம் மாற்றி ஃபிரிஸ்பீ என்று சூட்டியது. இன்றும் அது வணிக முத்திரைதான். அதனால் இந்த விளையாட்டின் உலகக் கூட்டமைப்பும் தன் பெயரில் ‘பறக்கும் வட்டு’ என்ற பொருள் தரும் பொதுச்சொல்லையே வைத்திருக்கிறது.

தமிழில் இதை எப்படி அழைப்பது? பலருக்கும் உடனே தோன்றுவது ‘பறக்கும் தட்டு’. மாரிசனே 1948-இல் அந்தப் பொருள்படும் பெயரில்தான் தன் பொருளை விற்றார். ஆனால் நம்மிடையே அது வேற்றுக்கிரக ஊர்திக்கு நிலைத்துவிட்டது. தட்டு வேண்டாம், வட்டு என்பேன். ‘அரங்கின்றி வட்டாடி யற்றே’ என்று தொடங்குகிறது 401-ஆம் குறள். கட்டம் வரையாமல் காய் உருட்டி ஆடுவதை அது சொல்கிறது. அத்தனை காலமாக விளையாட்டோடு இருக்கும் சொல் இது. வெறும் ‘எறிவட்டு’ என்றால் தடகளத்தின் வட்டு எறிதலோடு குழம்பும். ஆகவே ‘சுழல்வட்டு’. சுழற்சி இல்லாவிட்டால் இது தள்ளாடிக் கவிழ்ந்துவிடும். சுழன்றால்தான் சமநிலை குலையாமல் காற்றில் மிதக்கும்.

வீசிப் பார்த்தால் இது விளங்கும். கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் விளிம்புக்குள்ளே. வலக்கைக்காரர் வட்டை இடப்பக்கம் கொண்டுபோய், மார்புக்குக் குறுக்கே இழுத்து, விடும் நொடியில் மணிக்கட்டை வெடுக்கென்று சொடுக்க வேண்டும். தோள்பலத்தைவிட இந்தச் சொடுக்குதான் முக்கியம். வட்டு வலப்பக்கம் கவிழ்ந்து ஓடினால், விடும்போது வெளி விளிம்பைச் சற்றுத் தாழ்த்துங்கள். வேகம் குறையும்போது கடைசியில் இடப்பக்கம் சாய்வது அதன் இயல்பு.

வீட்டுப் பின்பக்கம் கொஞ்சம் இடம் இருந்தால் நான்கு பேர் ஆடலாம். பழைய டிரம் இரண்டை எதிரெதிரே வையுங்கள். கான்ஜாம் எனப்படும் இதன் முறையான ஆட்டத்தில் இடைவெளி 50 அடி. சின்ன இடத்தில் பாதி போதும். அணிக்கு இரண்டு பேர், டிரம்முக்கு ஒருவராக நிற்பார்கள். ஒருவர் வீச, எதிர்ப்பக்க டிரம் அருகே நிற்கும் கூட்டாளி வட்டைக் கையால் தட்டிவிடுவார். தட்டியது டிரம்மில் பட்டால் 1 புள்ளி, தட்டாமல் நேராகப் பட்டால் 2, தட்டியது உள்ளே விழுந்தால் 3. சரியாக 21 எடுக்கும் அணிக்கு வெற்றி.

வேலூரில் சித்திரை, வைகாசி வெயிலில் பகலில் ஆட முடியாது. ஐந்து மணிக்கு மேல் இறங்குவதே நல்லது. வீட்டில் இடம் இல்லையா? நீர் இல்லாத நாளில் பாலாற்று மணல் இருக்கிறது. விழுந்தாலும் அடி படாது, வட்டும் கீறாது. அங்கே எதிர்காற்று வட்டை மேலே தூக்கிவிடும், அதனால் முன்விளிம்பைத் தாழ்த்தித் தரையை ஒட்டி வீசுங்கள். வாங்கும்போது கனமானதாகப் பாருங்கள். அல்டிமேட் என்ற சுழல்வட்டு அணி விளையாட்டின் போட்டிகளில் வட்டு 175 கிராம். மெல்லிய மலிவு வட்டு லேசான காற்றுக்கே அலையும்.

வினைச்சொல்லுக்கும் வெளியே போக வேண்டாம். குறளில் உள்ள ‘வட்டாடு’ அப்படியே பொருந்தும்: “சாயங்காலம் வட்டாட வரியா?”