காலா, நெஞ்சா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருந்தார்: "மகளுக்கு இரத்தம் குறைவு என்று டொக்டர் சொன்னார். கோழியில் எந்தத் துண்டு கொடுக்க? மாமி காலில்தான் சத்து என்கிறா, ஜிம்முக்குப் போகிற மூத்தவன் நெஞ்சைத் தவிர வேறொன்றும் தொடமாட்டான்."

இரண்டு பேரும் சரிதான். புரதம் என்றால் மூத்தவன் பக்கம்: தோல் நீக்கிச் சமைத்த நெஞ்சுத் துண்டு 100 கிராமில் சுமார் 31 கிராம் புரதம், கொழுப்பு 4 கிராமுக்கும் குறைவு. காலில் புரதம் கொஞ்சம் குறைய, கொழுப்புக் கூட.

எனக்குப் பிடித்த சங்கதி நிறத்தில் இருக்கிறது. ஒரே கோழியில் நெஞ்சு வெள்ளை, தொடை ஏன் கறுப்பு? இரத்தம் தேங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். அதில்லை, அறுக்கும்போதே பெரும்பாலும் வடிந்துவிடும். தொடைத் தசைக்குள்ளேயே மயோகுளோபின் என்றொரு புரதம் இருக்கிறது, அதன் நடுவில் ஓர் இரும்பு அணு, அது ஒட்சிசனைப் பிடித்துவைத்துத் தசை கேட்கும்போது விடும். கோழி விடிந்ததிலிருந்து நின்று, நடந்து, கிளறிக்கொண்டே இருக்கிறதல்லவா, அப்படி ஓயாமல் உழைக்கிற தசைக்கு ஒட்சிசன் கையிருப்பு வேண்டும். பறப்பதோ நாய் துரத்தினால் வேலி மட்டும்தான். அந்தச் சில விநாடிகளை நெஞ்சுத் தசை தன் சேமிப்பிலுள்ள கிளைக்கோசன் என்ற மாச்சத்தை ஒட்சிசன் இல்லாமலே உடைத்துச் சமாளித்துவிடும். புறாவைப் பாருங்கள், கிலோமீற்றர் கணக்கில் பறக்கிற அதன் நெஞ்சு கருஞ்சிவப்பு. வாவியில் வந்திறங்கும் காட்டுத் தாராவுக்கும் அப்படியே. இதை அறிந்த நாள் நான் கோப்பையிலிருந்த கோழியைத் தின்னாமல் நார்நாராகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்து, வீட்டில் ஏச்சு வாங்கினேன்.

சரி, மகளுக்கு வருவோம். மாமி வெல்கிறார், ஆனால் மயிரிழையில்: நெஞ்சில் 100 கிராமுக்கு இரும்பு 1 மில்லிகிராம் அளவு, தொடையில் சற்றுக் கூட. ஈரல்தான் கெட்டிக்காரன், சமைத்த 100 கிராமில் 10 மில்லிகிராமுக்கு மேல். (கர்ப்பிணிகள் ஈரலைக் குறையுங்கள், விற்றமின் ஏ மிக அதிகம்.) இறைச்சியின் இரும்பு உடலில் இலகுவாகச் சேரும், கூடவே கீரையின் இரும்பையும் சேர வைக்கும். ஆகவே கோழியைக் குவித்துப் போடாமல், தோல் நீக்கிய இரண்டு துண்டை முதற்பால் குறைத்துக் கறியாக்கி, பக்கத்தில் முருங்கையிலைச் சுண்டலும் அதன்மேல் தேசிக்காய்ப் புளியும். டொக்டர் தந்த குளிசையை நிறுத்திவிடாதீர்கள்.

புரொயிலருக்கு ஹோர்மோன் ஊசி போடுகிறார்கள், பிள்ளை வேளைக்கே பெரியபிள்ளையாகிவிடும் என்ற கதையையும் கேட்டிருந்தார். வளர்ச்சி ஹோர்மோனும் ஒரு புரதம்தான், தீனியில் கலந்தால் கோழி அதைச் செரித்துவிடும். ஊசி என்றால் ஆயிரக்கணக்கான கோழிகளைத் திரும்பத் திரும்பப் பிடிக்க வேண்டும், ஒரு கோழியில் சில ரூபாய் லாபம் பார்க்கிறவன் அந்த வேலைக்கு ஆள் வைப்பானா? ஆறு கிழமையில் அது கொழுப்பது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்த இனத்தாலும் நல்ல தீனியாலும்.

ஒன்று மட்டும் மாமிக்குப் பிடிக்காது. சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் தேயிலைச் சாயம் கீரையின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். அதை அவரிடம் சொல்வது உங்கள் பாடு.