'மோர் பெட்டர்' வேண்டாம், 'பெட்டர்' போதும்

போன மாதம் ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறைக்குப் போயிருந்தேன். கண்ணாடிமேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வந்திருந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்த பையன் என்னிடம் படித்தவன். தயக்கமே இல்லாமல் பேசினான், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் "திஸ் டைல் இஸ் மோர் பெட்டர் தேன் மெஷின் டைல்" என்றான். காரைக்குடியில் 15 வருடமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த 'மோர் பெட்டரை'த் திருத்தாத வாரமே கிடையாது.

இதற்குக் காரணம் நம் மொழியின் பழக்கம். பெரிய வீடு, அதைவிடப் பெரிய வீடு, இருப்பதிலேயே பெரிய வீடு. மூன்றிலும் 'பெரிய' அப்படியே நிற்கிறது, 'விட'வும் 'இருப்பதிலேயே'யும் வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் 'விட'வுக்கு நேரான 'தேன்' வந்தாலும் சொல்லும் மாறியாக வேண்டும். அது பழக்கமில்லாததால் ஒருவர் 'பிக் தேன்' என்கிறார், இன்னொருவர் எதற்கும் இருக்கட்டும் என்று 'மோர் பிக்கர்' என்கிறார். ஓல்ட் போன்ற சின்னச் சொல் என்றால் ஓல்டர். பியூட்டிஃபுல் போல நீண்டால் முன்னால் மோர். இரண்டில் ஒன்றுதான். 'குட்' போல ஒருசில சொற்கள் அடியோடு மாறும். 'குட்' 'பெட்டர்' ஆகிவிடுவதால் அதற்கு மோர் தேவையே இல்லை.

பள்ளியில் ஒப்பிட்டுச் சொல்லும் வாக்கியங்களுக்காக 'நோ அதர், வெரி ஃபியூ, எனி அதர்' என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவர்கள்தான் நாம் எல்லோரும். அந்த 'அதர்' எதற்கு என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. கானாடுகாத்தானில் ஒரு வீட்டைக் காட்டி, 'ஓல்டர் தேன் எனி ஹவுஸ் இன் கானாடுகாத்தான்' என்று சொல்லிப் பாருங்கள். அந்த வீடும் அதே ஊரில்தானே இருக்கிறது? தன்னைவிடத் தானே பழையது என்று ஆகிவிடும். 'எனி அதர் ஹவுஸ்' என்றால்தான் மற்ற வீடுகளோடு மட்டும் ஒப்பிடுகிறோம்.

'ஒன் ஆஃப் தி ஓல்டஸ்ட் ஹவுஸ்' என்பதும் தவறு. இங்கே தமிழே கைகொடுக்கும். 'பழைய வீடுகளில் ஒன்று' என்று பன்மையில்தானே சொல்கிறோம்? அதேபோல 'ஹவுசஸ்'.

அப்புறம், இன்டர்வியூவில் அடிக்கடி வரும் ஒன்று: 'மை பிரதர் இஸ் எல்டர் தேன் மீ'. எல்டர் பிரதர் சரி. ஆனால் 'தேன்' சேர்ந்தால் 'ஓல்டர்' என்றே சொல்ல வேண்டும். சீனியர், ஜூனியர் லத்தீனிலிருந்து வந்தவை, அவற்றுக்கு 'தேன்' ஆகாது, 'சீனியர் டு மீ'.

பட்டறையில் கூட்டம் போனதும் பையனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ பெஸ்ட்டுக்கு முன்னாடி 'தி' கண்டிப்பா வரணுமா டீச்சர்?" என்றான்.

"தி பெஸ்ட் டைல்னு சொன்னா வரணும்ப்பா. 'அவர் பெஸ்ட் டைல்'னு சொல்றப்போ 'எங்க'ங்கிற அர்த்தத்துல 'அவர்' இருக்கில்ல, அங்க 'தி' வேண்டாம்."