ஷிம்: கட்டளைக்கும் பைத்தானுக்கும் நடுவே

கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகம் வாங்கிப் பழகியவர்களுக்கு 'ஷிம்' புதிய சொல் அல்ல. எஞ்சின் வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய உலோக வில்லை. ஒரே கணினியில் பைத்தான் என்ற நிரல்மொழியின் பல பதிப்புகளை வைத்திருப்பவர்கள் சொல்லும் ஷிம்மும் இதே சொல்தான்.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இது வழங்கியிருக்கிறது. அப்போது கலப்பையில் பொருத்தி மண்ணைச் சுரண்டும் இரும்புத் துண்டுக்குப் பெயர். இடைவெளி நிரப்பும் துண்டு என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. வேர் எதுவென்று அகராதிக்காரர்களுக்கே பிடிபடவில்லை.

சரி, கணினிக்கு வருவோம். பகலில் அலுவலகத்தின் பழைய நிரலுக்குப் பைத்தான் 3.8 வேண்டும், இரவு வெள்ளவத்தை அறையில் படிக்கும் பாடத்துக்கு 3.12. மடிக்கணினியோ ஒன்று. பைத்தான் பதிப்புகளைப் பராமரிக்கும் 'பைஎன்வ்' (pyenv) என்ற கருவி இரண்டையும் தனித்தனிக் கோப்புறைகளில் நிறுவும். கூடவே 'பைத்தான்' என்ற அதே பெயரில் ஒரு குட்டி நிரலை எழுதிவைக்கும். கணினி கட்டளைகளைத் தேடிப் போகும் 'பாத்' பட்டியலில் இந்தக் குட்டி இருக்கும் கோப்புறையே முதலில் நிற்பதால், நீங்கள் கூப்பிடும்போது ஓடிவருவது இதுதான். இதுவே ஷிம். நீங்கள் கட்டளை தட்டும் அந்த முனையச் சாளரத்துக்கென்று ஏதாவது பதிப்பைச் சொல்லிவைத்திருக்கிறீர்களா என்று முதலில் பார்க்கும். அப்புறம் நிற்கிற கோப்புறையில் பதிப்புக் கோப்பு உண்டா, அதற்கு மேலுள்ள கோப்புறைகளில் உண்டா என்று ஏறிப் போகும். எதுவும் இல்லையென்றால் பொதுப் பதிப்பு. பிறகு அசல் பைத்தானிடம் வேலையைக் கொடுத்துவிட்டு விலகிவிடும். பைத்தான் எங்கே இருக்கிறது என்று அறிய 'விச் பைத்தான்' (which python) என்று கேட்டால் ஷிம்மின் முகவரி வந்து பலரைக் குழப்புகிறது. அசல் இடம் தெரிய 'பைஎன்வ் விச் பைத்தான்' என்று கேட்க வேண்டும்.

இந்த வழி ரூபி என்ற இன்னொரு நிரல்மொழிக்காக 2011இல் வந்த ஆர்பிஎன்வ் (rbenv) கருவியிடமிருந்து பைஎன்வ் எடுத்துக்கொண்டது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸின் பதிப்புகளை மாற்ற உதவும் என்விஎம் (nvm) கருவியில் ஷிம் கிடையாது. அது பாத் பட்டியலையே மாற்றிவிடும்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'ஆப்பு' பிளக்கிற பொருள், பேச்சில் அதற்கு இருக்கும் பெயரும் நல்லதல்ல. 'இடைச்செருகல்' அழகுதான், ஆனால் பழைய நூல்களுக்குள் பின்னால் யாரோ நுழைத்த பாடல்களுக்கு அது போய்விட்டது. 'செருகுநிரல்' என்றால் பிளகின், அதாவது மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல். ஆகவே கராஜில் இடைத்தகடு, கணினியில் இடைநிரல் என்பது என் தேர்வு.

வாக்கியத்தில்: புதிதாக நிறுவிய கட்டளை அகப்படவில்லையென்றால் 'பைஎன்வ் ரீஹாஷ்' கொடுத்து இடைநிரல்களைப் புதுப்பித்துப் பாருங்கள்.